மகன் முதுகுக்குப் பின்னால் தெரிந்த ஊர்

ஐரோப்பாவில் எனக்கு நன்றாகத் தெரிந்த ஊர் ஒன்று உண்டு. ஹாம்பர்க் நகரத்தில் வில்ஹெல்ம்ஸ்பூர்க் என்கிற பகுதி. போனதில்லை. இனிப் போவேனா, தெரியாது. ஆனால் அந்த ஊர்க் கடைத்தெருவில் ரொட்டிக் கடைக்கு அடுத்தது என்ன, அதற்கு அடுத்தது என்ன என்று தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்லுவேன் என்று பீற்றிக்கொண்டு திரிந்தேன். கடைக்கு வருகிறவர்களிடம் எல்லாம் சொல்லியிருக்கிறேன். அந்தப் பீற்றலுக்கு ஒரு ஞாயிற்றுக்கிழமை விழுந்தது பாருங்கள் அடி, அது அடியா அல்லது வேறு ஏதாவதா என்று இன்றுவரை எனக்குப் பிடிபடவில்லை.

அஜ்மானில் பக்காலா வைத்திருக்கிறேன். பக்காலா என்றால் மளிகைக் கடைதான். தண்ணீர் கேன், குப்பூஸ் ரொட்டி, முட்டை, போன் ரீசார்ஜ் எல்லாம் உண்டு. கடை கீழே, வீடு மேலே. சுற்றியுள்ள கட்டடங்களில் குடியிருப்பவர்கள் பாதிப் பேர் விடியற்காலையில் துபாய்க்கும் ஷார்ஜாவுக்கும் டூட்டிக்குப் போய்விட்டு, ராத்திரி களைத்துப்போய் வந்து எனக்குத்தான் போன் போடுவார்கள். "பாய், ஒரு தயிர், ரெண்டு குப்பூஸ்." எங்கே கொண்டுவர? "பாய், அந்தப் பழைய லாண்டரிக்குப் பின்னாடி, பச்சைக் கண்ணாடி பில்டிங், ஏசி தண்ணி சொட்டும் பாருங்க, அதுக்கு மேல." போதும். போய்ச் சேர்ந்துவிடும்.

விலாசம் என்ற ஒன்று எங்களுக்குப் பழக்கமே இல்லை. வீட்டுக்குத் தபால்காரர் வருவது கிடையாது. கடிதம் வந்தால் தபால் பெட்டிக்குத்தான். தெருவுக்குப் பெயர் இருக்கிறது, பலகையும் இருக்கிறது, யார் பார்த்தது? நான் குடியிருக்கும் தெருவின் பெயரைக் கேட்டால் எனக்குத் தெரியாது. பள்ளிவாசல், பெட்ரோல் பங்க், முட்டுச்சந்து, இடது, வலது. இதை வைத்துக்கொண்டு அஜ்மானில் எந்த மூலைக்கும் யாரையும் அனுப்புவேன். இப்போதெல்லாம் ஆளாளுக்கு லொகேஷன் அனுப்புகிறார்கள். அந்த லொகேஷனை நம்பிப் போன டிரைவர்கள் நடுத்தெருவில் நின்று எனக்குத்தான் போன் போடுவார்கள். "யல்லா, நான் சொல்றதக் கேளு" என்று ஆரம்பிப்பேன். அதில் எனக்கு ஒரு திமிர் உண்டு, மறைப்பானேன்.

ஆக, என் மகன் ஜெர்மனிக்குப் போய் இத்தனை வருஷம் ஆகியும் அவன் விலாசத்தை நான் கேட்டதே இல்லை. கேட்கத் தோன்றவும் இல்லை. அவன் அனுப்பவும் இல்லை.

அவன் வளர்ந்தது முழுக்க இங்கேதான். இந்தக் கடையின் கல்லாவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து வீட்டுப்பாடம் எழுதியவன். எங்களிடம் தமிழ், வெளியே இங்கிலீஷ், பந்து விளையாடும்போது அரபியும் இந்தியும் கலந்த ஒரு பாஷை. எங்கள் சொந்த ஊரான கீழக்கரையில் இருந்து யாராவது வந்து "எந்த ஊரு தம்பி?" என்று கேட்டால் "அஜ்மான்" என்பான். கேட்டவர் சிரிப்பார். பெரியவனானதும் அப்பா விசாவில் இருக்க முடியாது, கபீல், அதாவது பொறுப்பேற்கிற அரபி, வேண்டும், இல்லாவிட்டால் நாட்டை விட்டுப் போ என்று ஆனது. பிறந்ததில் இருந்து இருந்த ஊரை விட்டு எந்த ஊருக்குத் திரும்பிப் போவது என்று கேட்டான். நான் கல்லாச் சில்லறையை எண்ண ஆரம்பித்தேன். படிக்க ஜெர்மனிக்குப் போனான். படித்து முடித்து, அங்கேயே துறைமுகத்தில் கப்பல் சரக்குகளைக் கணினியில் பார்க்கிற வேலைக்குச் சேர்ந்தான்.

தினமும் சாயங்காலம் வேலை முடிந்து நடந்துபோகும்போது வீடியோவில் கூப்பிடுவான். இங்கே எங்களுக்கு ராத்திரி இஷா தொழுகை முடிந்திருக்கும். என் மனைவி மாடியில் இருந்து இறங்கிக் கடைக்கு வந்துவிடுவாள். எண்ணெய் டின்களுக்கு மேலே போனைச் சாய்த்துவைத்து இரண்டு பேரும் பார்ப்போம். ஒரு கையில் போனைத் தன் முகத்துக்கு நேரே பிடித்துக்கொண்டு அவன் நடப்பான். அவன் முகம் முக்கால்வாசி, மிச்சம் கால்வாசியில் அந்த ஊர்.

அந்தக் கால்வாசியை வைத்துத்தான் நான் ஊரைப் படித்தேன். ஒரு சதுக்கத்தில் இருந்து கிளம்புவான். சில நாட்களில் அங்கே சந்தை நடக்கும்; காய்கறிக் கூடாரங்கள் பின்னால் போகும். பிறகு கடைத்தெரு. துருக்கிக்காரர் ரொட்டிக் கடை, போர்த்துகீசியர்களின் காப்பிக் கடை, முடிவெட்டுகிற கடை, சிவப்பில் பெரிய ஆங்கில 'ஏ' எழுத்து மாட்டிய மருந்துக் கடை. மருந்துக் கடை தாண்டியதும் ஒரு திருப்பம். மரங்கள் உள்ள ஒரு சின்னத் தெரு. கடைசியில் நீலக் கதவு. மேல் கண்ணாடியில் ஒரு விரிசல். அந்தக் கதவை அவன் கையால் திறந்து நான் பார்த்ததே இல்லை. முதுகால் தள்ளித் திறந்து பின்பக்கமாகவே உள்ளே போவான்.

"கையில என்ன மருதாணியா காயுது?" என்று கேட்பேன்.

"வீடு வந்துட்டு வாப்பா. வைக்கிறேன்" என்பான்.

ஊரின் கதையையும் அவன்தான் சொன்னான். அது ஒரு தீவு. எல்பே என்கிற ஆறு இரண்டாகப் பிரிந்து, அந்த இடத்தைச் சுற்றிக்கொண்டு, அப்புறம் ஒன்று சேர்ந்துவிடுகிறதாம். கடல் பக்கத்தில் இல்லை, ஆனால் கடலின் ஏற்றவற்றம் அந்த ஆற்றில் தெரியுமாம். சுற்றிலும் கரை கட்டி வைத்திருக்கிறார்கள். அறுபதுகளில் ஒரு குளிர்கால இரவில் புயலடித்து, கரை உடைந்து, தூங்கிக்கொண்டிருந்த சனங்களைத் தண்ணீர் கொண்டுபோய்விட்டது. போரில் வீடு போனவர்கள் தோட்டக் குடிசைகளில் தங்கியிருந்தார்களாம். அவர்களில்தான் நிறையப் பேர் செத்தார்களாம். அதைக் கேட்டதும் என் மனைவி, "நீ எத்தனாவது மாடியில இருக்க?" என்று கேட்டாள். "மூணாவது உம்மா" என்றான். "அப்ப சரி" என்றாள். அதற்குப் பிறகு அங்கே மழை என்று அவன் சொன்னாலே அவளுக்குச் சோறு இறங்காது.

இன்னொன்று, பங்கர். போர்க்காலத்தில் கட்டிய பூதாகாரமான காங்கிரீட் கட்டடம். மேலே விமானத்தைச் சுடும் பீரங்கிகள், உள்ளே உயிருக்குப் பயந்து ஒளிந்த சனங்கள். போர் முடிந்ததும் இங்கிலீஷ்காரப் பட்டாளம் உள்ளே வெடிவைத்துத் தகர்த்தது. ஆனால் வெளிச்சுவர் அசையவில்லை. பல வருஷம் சும்மா நின்றுவிட்டு, இப்போது அதற்குள்ளே வெந்நீர் சூடாக்கிச் சுற்றியுள்ள வீடுகளுக்கு அனுப்புகிறார்களாம். உச்சியில் காப்பிக் கடைகூட இருக்கிறதாம். "குண்டு போட்ட இடத்துல காப்பியா?" என்று கேட்டேன். அவன் திருப்பத்துக்கு வரும்போது அந்தச் சாம்பல் சுவரின் ஒரு துண்டு கூரைகளுக்கு மேலே தெரியும்.

அங்குள்ள மனிதர்களைப் பற்றிச் சொன்னதுதான் எனக்குப் பெரிய குழப்பம். துருக்கி, போலந்து, போர்த்துகல், ஆப்பிரிக்கா என்று பல நாட்டு ஆட்கள். எல்லாம் கப்பல் கட்டவும் மூட்டை தூக்கவும் வந்தவர்கள்.

"அப்ப அஜ்மான் மாதிரிதானே?" என்றேன்.

"ஆமா வாப்பா. ஆனா வந்தவங்க பேரப்பிள்ளைங்க இப்ப ஊர்க்காரங்க."

"எப்படி? கபீல் யாரு?"

"கபீல் மாஃபி வாப்பா."

கபீல் இல்லையாம்! நான் இந்த மண்ணில் தலை நரைக்கும் மட்டும் இருந்துவிட்டேன்; கடை உரிமம் அரபி பெயரில், விசா புதுப்பிக்கிற தேதி நெருங்கினால் தூக்கம் போய்விடும். கூலிக்கு வந்தவனின் பேத்தி அங்கே ஊர்க்காரி என்றால் என் மூளைக்கு ஏறவில்லை. "சும்மா கதை விடாதே" என்று சொல்லிவிட்டேன். அவன் ஏதோ சொல்ல வந்தவன் போல வாயைத் திறந்து, பிறகு சிரித்துவிட்டு நடந்தான்.

அவன் நடைதான் எனக்குப் பிடிக்காது. வயசுப் பையன் விறுவிறு என்று நடக்க வேண்டாமா? மெல்ல, ஊர்ந்து ஊர்ந்து வருவான். நடைபாதையில் இருந்து ரோட்டில் இறங்கும்போது நின்று, ஒரு தோளைச் சாய்த்து, எதையோ தாங்கி இறக்குகிற மாதிரி இறங்குவான். "கால்ல ஆணியாடா?" என்று கத்துவேன். "பேக் கனமா இருக்கு வாப்பா" என்பான். கடையில் ஆள் வந்துவிட்டால் போனை வைக்கப் போவேன். அப்போது மட்டும் பதறுவான். "வைக்காதீங்க வாப்பா. பேசிக்கிட்டே இருங்க."

"என்னத்தப் பேச?"

"எதையாவது. என்னைத் திட்டுங்களேன்."

கேட்டீர்களா கூத்தை? திட்டச் சொல்லிக் கேட்கிற பிள்ளை யாருக்கு வாய்க்கும்? நானும் சந்தோஷமாகத் திட்டுவேன். எதிர்க்கடை மலையாளியையும் சேர்த்துத் திட்டுவேன். இந்தக் காலத்தில் தகப்பன் குரலைக் கேட்க ஆசைப்படுகிற மகன் எனக்கு இருக்கிறான் என்று மனைவியிடம் பெருமையடிப்பேன். அவள், "அவனுக்கு அங்க தனிமை. காலாகாலத்துல கல்யாணத்தை முடிங்க" என்பாள். என் தங்கை மகளுக்குத்தான் அவன் என்று வாக்குக் கொடுத்து வைத்திருந்தேன். அந்தப் பேச்சை எடுத்தால் மட்டும் அவனுக்கு சிக்னல் போய்விடும்.

ஒரு வெள்ளிக்கிழமை அவன் கூப்பிடவில்லை. நாங்கள் கூப்பிட்டால் மணி அடிக்கவே இல்லை. வேலை இருக்கும் என்றேன். சனிக்கிழமையும் இல்லை. அங்கே சனி, ஞாயிறு லீவு; ஆபீசுக்குப் போட்டாலும் யாரும் எடுக்கவில்லை. என் மனைவி எண்ணெய் டின்கள் முன்னால் ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்துவிட்டாள். மாடிக்கு வரமாட்டேன் என்றாள். "அங்க மழையாமே. போன்ல பார்த்தேன்" என்றாள். நான் அவளை அதட்டினேன். அதட்டியது எனக்கு நானே சொல்லிக்கொண்டதுதான். போலீசுக்குச் சொல்லலாம் என்றால் எந்தத் தெரு, எந்த வீடு என்று கேட்பார்களே. அப்போதுதான் எனக்கு உறைத்தது. என் ஒரே மகன் எங்கே குடியிருக்கிறான் என்று எனக்குச் சொல்லத் தெரியாது.

எங்கள் கட்டடத்தில் இரண்டாவது மாடியில் ஒரு யாழ்ப்பாணத்துக்காரர் இருக்கிறார். தினமும் பால் வாங்க வருவார். அவருடைய மச்சான் ஹாம்பர்க்கில் கடை வைத்திருப்பது ஞாபகம் வந்து, மேலே ஓடினேன். அவர் உடனே பேசி ஏற்பாடு செய்தார். ஞாயிற்றுக்கிழமை காலை அந்த மச்சானிடம் நானே பேசினேன். "யோசிக்காதையுங்கோ அண்ணை. ஞாயிறு இஞ்ச எல்லாம் கடை பூட்டு. நான் ஆத்துக்கு அங்கால இருக்கிறன், ரெயில் எடுத்து வாறன். வீட்டு விலாசத்தை மட்டும் சொல்லுங்கோ" என்றார்.

"விலாசம் எதுக்கு? நான் வழி சொல்றேன்" என்றேன். வேறு என்ன சொல்ல?

அவர் போன் பழையது, அதில் வீடியோ வராது. சாதாரண வெளிநாட்டு அழைப்பில்தான் பேசினோம். ரயிலிலும் பஸ்ஸிலுமாக அவர் அந்தச் சந்தைச் சதுக்கத்துக்கு வந்து நின்றதும் நான் ஸ்பீக்கரைப் போட்டுக் கல்லாவில் வைத்தேன். மனைவி பக்கத்தில் நின்றாள். கடைக்கு வந்தவர்களை எல்லாம் "கலாஸ், முடிஞ்சது, அப்புறம் வாங்க" என்று விரட்டினேன்.

"தம்பி, கடைத்தெருவுக்குள்ள வாங்க. வலது பக்கம் ரொட்டிக் கடை வரும்."

"ரொட்டிக் கடை இருக்கு அண்ணை. ஆனா இடது பக்கம் எல்லோ நிக்குது."

"அது வேற ரொட்டிக் கடையா இருக்கும். நடங்க."

"ஓம்... சிவப்பு 'ஏ' போட்ட மருந்துக் கடை கண்டிட்டன். அண்ணை, அந்தப் பங்கரும் இடப்பக்கம் பெரிசாத் தெரியுது."

"அதெல்லாம் பார்க்காதீங்க. நான் சொல்றதக் கேளுங்க. மருந்துக் கடை தாண்டி வலது பக்கம் திரும்புங்க. மரம் இருக்கும்."

நடக்கிற சத்தம் கேட்டது. காற்று இரைந்தது.

"அண்ணை," என்றார், குரல் மாறியிருந்தது. "இஞ்ச வீடு ஒண்டும் இல்லை. தண்ணிதான் இருக்கு. வாய்க்கால். தெரு இதோட முடியுது."

தண்ணீர் என்ற சொல்லைக் கேட்டதும் என் மனைவி "யா அல்லாஹ்!" என்று அலறி என் சட்டையைப் பிடித்துக்கொண்டாள். அங்கே வாய்க்கால் இருப்பதையே அவன் சொன்னதில்லை. நான் பார்த்த ஊரில் வாய்க்கால் கிடையாது. அப்படியானால் நான் பார்த்தது எந்த ஊர்? அவன் தினமும் நடந்தது எங்கே? அஜ்மான் முழுவதையும் வழியனுப்புகிற நான், பெற்ற பிள்ளையின் வீட்டுக்கு ஒரு ஆளை அனுப்பத் தெரியாமல், தண்ணீர்க் கரையில் கொண்டுபோய் நிறுத்தியிருக்கிறேன். "பங்கர் எங்க?" என்று கேட்டேன்.

"எனக்கு முதுகுப் பக்கம் நிக்குது அண்ணை. தெருவுக்கு அங்கால."

"இருக்க முடியாது. வலது பக்கம் கிட்டக்க இருக்கணும்."

"இல்லை அண்ணை."

மனைவி அழுகையை நிறுத்திவிட்டு என்னையே பார்த்தாள். நான் கல்லாவுக்கு இந்தப் பக்கம், அவள் அந்தப் பக்கம், எதிரும் புதிருமாக நின்றுகொண்டிருந்தோம். அவள் தன் வலது கையைத் தூக்கி முட்டைத் தட்டுகளைக் காட்டினாள். "இது உங்களுக்கு எந்தக் கைப் பக்கம்?"

"என்னடி விளையாட்டு இப்ப? இடக்கைப் பக்கம்."

"எனக்கு வலது. அவன் நம்ம மூஞ்சியப் பார்த்துக்கிட்டுல்ல நடந்து வந்தான்? நாம பார்த்ததெல்லாம் அவன் முதுகுப் பக்கம். நமக்கு வலதுன்னா அவனுக்கு இடது."

அடப்பாவி மனுஷா என்று என்னையே திட்டிக்கொண்டேன். இத்தனை மாதமாக நான் படித்தது ஊரையல்ல, அவன் தாண்டி வந்துவிட்ட ஊரை. அவனுக்கு முன்னால் என்ன இருந்தது என்பதை ஒரு நாளாவது பார்த்தேனா? அப்போது அதை ஆற அமர யோசிக்க நேரமில்லை. "தம்பி, மன்னிச்சுக்கங்க. எல்லாத்தையும் மாத்திக்கங்க. திரும்பி மருந்துக் கடைக்கு வாங்க. அங்கேயிருந்து பங்கர் இருக்கிற பக்கம்."

அந்த மனிதர் ஒரு வார்த்தை கோபமாகப் பேசவில்லை. "பரவாயில்லை அண்ணை, எனக்கும் நடை நல்லம்" என்றார். அவரை அல்லா நன்றாக வைத்திருக்க வேண்டும்.

"மரம் இருக்கு. சின்னத் தெரு. அண்ணை, நீலக் கதவு! கண்ணாடி வெடிச்சிருக்கு."

"அதுதான்! மணி அடிங்க. எல்லா மணியையும் அடிங்க."

மணிச் சத்தம் கேட்டது. கதவு திறக்கும் சத்தம். ஒரு குழந்தையின் அழுகை. அந்தக் கட்டடத்தில் யார் வீட்டுக் குழந்தையோ என்று நினைத்தேன்.

"அண்ணை, உங்கட மகன்தானாம்! சுகமா நிக்கிறார்!"

என் மனைவி அப்படியே அரிசி மூட்டைமேல் உட்கார்ந்துவிட்டாள். எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. அதே மூச்சில் அவர் சொன்னார்: "பேத்திக்குத்தான் காய்ச்சல் போல. முகம் வாடிப்போய்க் கிடக்கு. எண்டாலும் நல்ல வடிவான பிள்ளை."

"யாரு பேத்தி?"

"உங்கட பேத்தி. தம்பி தோளில வச்சிருக்கிறார்."

நான் மனைவியைப் பார்த்தேன். மனைவி என்னைப் பார்த்தாள். சந்தேகமே இல்லை, மறுபடியும் இடது வலது குழம்பிவிட்டது. "தம்பி, அது வேற வீடு. அவனுக்குக் கல்யாணமே ஆகல. நீங்க திரும்பவும் மருந்துக் கடைக்கு வாங்க, நான் சரியாச் சொல்றேன்."

போன் கைமாறுகிற சத்தம் கேட்டது. பிறகு, "வாப்பா" என்றான் என் மகன்.

அவன் சொன்னதை ஒழுங்காகச் சொல்ல எனக்கு வரவில்லை, ஏனென்றால் ஒழுங்காக நான் கேட்கவில்லை. அந்த ஊரிலேயே பிறந்து வளர்ந்த பெண்ணாம். அவளுடைய தாத்தா துருக்கியில் இருந்து கப்பல் பட்டறை வேலைக்கு வந்தவராம். அங்குள்ள பள்ளிவாசலில் நிக்காஹ் நடந்ததாம். என் தங்கைக்கு நான் கொடுத்த வாக்கை நினைத்துப் பயந்து சொல்லாமல் விட்டானாம். விட்டது விட்டுப்போய், நாளாக ஆகச் சொல்ல வாய் வரவில்லையாம். வெள்ளிக்கிழமை குழந்தைக்குக் காய்ச்சல் முற்றி ஆஸ்பத்திரிக்கு ஓடியதில் போன் விழுந்து நொறுங்கிவிட்டது. எங்கள் நம்பர் அதற்குள் இருந்ததே தவிர அவன் மண்டைக்குள் இல்லை.

எனக்கு வந்த கோபத்துக்குக் கல்லாவைத் தூக்கி எறிந்திருப்பேன். இத்தனை நாள் எங்களைப் பார்த்துச் சிரித்துக்கொண்டு நடந்தானே, பொய்யாகவா? உயிரோடு இருக்கிறான் என்ற நிம்மதியும் அந்தக் கோபமும் ஒன்றுக்குள் ஒன்று புகுந்து, எதை முதலில் சொல்வது என்றே தெரியவில்லை. என் மனைவி போனைப் பிடுங்கினாள். "புள்ளைக்கு இப்பக் காய்ச்சல் எப்படிடா இருக்கு? தலையை மூடி வச்சிருக்கியா?" என்றாள். வேறு ஒன்றும் கேட்கவில்லை. நான் கடையை விட்டு வெளியே இறங்கிவிட்டேன்.

வெயிலில் நின்றேன். ஒரு டிரைவர் வண்டியை நிறுத்தி, "பாய், அந்தப் பச்சைக் கண்ணாடி பில்டிங் எந்தப் பக்கம்?" என்று இந்தியில் கேட்டான். கை காட்டினேன். அவன் போன பிறகுதான் தெரிந்தது, நேர் எதிர்ப்பக்கம் காட்டியிருக்கிறேன். தங்கைக்கு என்ன சொல்வது? கீழக்கரையில் எந்த முகத்தோடு நடப்பது? துருக்கிக்காரிக்கும் எனக்கும் என்ன பாஷை? அந்தக் குழந்தை எந்த ஊர்ப் பிள்ளை? என் மகனுக்கே ஊர் எது என்று சொல்லத் தெரியாமல் அனுப்பிவைத்தவன் நான், என்னைக் கேட்டால்? மாலை வரை இதே யோசனை. சோறு வேண்டாம் என்றேன். மனைவி வற்புறுத்தவில்லை; அவள் பாட்டுக்கு ஏதோ முணுமுணுத்துக்கொண்டு சின்னச் சட்டைத் துணி இருக்கிறதா என்று அலமாரியைக் குடைந்தாள்.

இஷா முடிந்ததும் தெரியாத நம்பரில் இருந்து வீடியோ வந்தது. அவன் மனைவியின் போனாம். எடுக்கக் கூடாது என்று நினைத்துக்கொண்டே எடுத்தேன்.

அவன் முகம் தெரியவில்லை. கேமராவைத் திருப்பிப் பிடித்திருந்தான். முதல்முறையாக அந்தத் தெரு முன்னோக்கிப் போனது. ரொட்டிக் கடை இடது பக்கம் இருந்தது. எனக்குத் தலை சுற்றியது. என் ஊர் முழுக்க இடம் மாறிக் கிடந்தது. தெருவுக்கு முன்னால், படத்தின் கீழ்ப்பகுதியில், அவனுடைய ஒரு கை. அந்தக் கை ஒரு குழந்தை வண்டியின் பிடியில் இருந்தது. வண்டிக்குள்ளே, குல்லா போட்டு, போர்வை போர்த்தி, அவனைப் பார்த்தபடி, அதாவது என்னைப் பார்த்தபடி, அவள் படுத்திருந்தாள். அழுது அழுது மூக்கு சிவந்திருந்தது. சதுக்கத்தில் இருக்கிற மாமியார் வீட்டில் குழந்தையை விட்டுவிட்டு வேலைக்குப் போவானாம். திரும்பும்போது தள்ளிக்கொண்டு வருவானாம். தினமும் அவன் ஊர்ந்து வந்தது, தோளைச் சாய்த்தது, கதவை முதுகால் தள்ளியது எல்லாம் எனக்குத் தெரிந்துபோனது.

"ரெண்டு நாளா தூங்கலை வாப்பா," என்றான். "டாக்டர் காத்தாட வெளிய கொண்டுபோகச் சொன்னாரு. பேசுங்க."

"எங்கிட்ட என்னடா பேச்சு உனக்கு?"

"எங்கிட்ட இல்லை. அவகிட்ட. பொறந்ததுல இருந்து உங்க சத்தம் கேட்டுத்தான் அவ தூங்குவா. நீங்க என்னைத் திட்டத் திட்ட, வீடு வர்றதுக்குள்ள தூங்கிருவா. உங்க சத்தம் இல்லாம ரெண்டு நாளா அழுறா."

அவள் முகத்தைச் சுளித்து மறுபடி அழுகைக்குத் தயாரானாள். திட்டலாம் என்றால் திட்டு வரவில்லை. தாலாட்டு எனக்குத் தெரியாது. தெரிந்தது ஒன்றுதான்.

"யல்லா, நான் சொல்றதக் கேளு," என்றேன். "ஏர்போர்ட்ல இறங்கி டாக்ஸி பிடிச்சா, ஷார்ஜாவைத் தாண்டி நேரா வா. அஜ்மான் வந்ததும் பெட்ரோல் பங்க் ஒண்ணு வரும். அங்க திரும்பணும்..."

எந்தப் பக்கம் என்று சொல்ல வந்து நின்றுவிட்டேன். எனக்கா, அவளுக்கா? மனைவி என் முகத்தைப் பார்த்தாள். அந்தப் பிள்ளையும் அழுகையை நிறுத்திவிட்டுப் பார்த்தது.

"உனக்கு வலது," என்றேன். "வலது பக்கம் திரும்பினா பள்ளிவாசல். அதைத் தாண்டி பழைய லாண்டரி. லொகேஷனை நம்பாதே, அது நடுத்தெருவுல விட்டுரும்..."

லாண்டரிக்கு வருவதற்குள் அவள் கண் மூடிவிட்டது. மகன் வண்டியைத் தள்ளிக்கொண்டிருந்தான். நான் நிறுத்தவில்லை. பச்சைக் கண்ணாடி பில்டிங்கைத் தாண்டி, எங்கள் கடை வாசல்வரை சொல்லி முடித்தேன்.